கோவிட் வார்டில் ஒரு டேப்லெட் ஆப்: உபயோகித்த சிஸ்டர் சொல்வது

மற்ற ஆஸ்பத்திரிகளில் இன்சார்ஜாக இருக்கும் தோழிகள் அடிக்கடி போன் போடுகிறார்கள். “கோவிட் சமயத்துல உங்க வார்டை டேப்லெட் வச்சு ஓட்டுனீங்களே, அது தேவலையாக்கா? இங்க ஒரு கம்பெனிக்காரங்க டெமோ காட்டிட்டுப் போயிருக்காங்க, எம்.டி. அபிப்பிராயம் கேக்குறாரு.” ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகப் பேசித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். மொத்தத்தையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு இன்சார்ஜ் நான். 2020-இல் முதல் அலை நடந்துகொண்டிருக்கும்போதே கோவையிலிருந்து ஒரு சின்னக் குழு எங்களுக்காக இந்த ஆப்பைச் செய்து கொடுத்தது. 2021 மே மாதம், படுக்கை போதாமல் வராண்டாவிலும் கட்டில் போட்ட நாட்களில் இதை வைத்துத்தான் சமாளித்தோம். குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் பெயர் போடவில்லை. பத்து இன்ச் ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகள், இன்டர்நெட் போனாலும் ஓடும்படி வார்டுக்குள்ளேயே ஒரு குட்டி சர்வர், வெளியே நர்ஸிங் ஸ்டேஷனில் ஒரு பெரிய திரை. சரக்கு இவ்வளவுதான்.

மார்க் போடச் சொன்னால் இப்படிப் போடுவேன். உள்ளிருந்து வெளியே தகவல் போவதற்கு முழு மார்க். வைட்டல்ஸ் (மூச்சு, பல்ஸ், பி.பி., டெம்பரேச்சர் போன்ற அளவுகள்) பதிவுக்கு, நாங்கள் சண்டை போட்டுத் திருத்த வைத்த பிறகு, நல்ல மார்க். நர்ஸின் எழுத்து வேலை குறைந்ததா என்று கேட்டால் பாஸ் மார்க்கூடத் தேறாது.

இது வருவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று மறந்தவர்களுக்காக: கோவிட் வார்டுக்குள் போன காகிதம் வெளியே வரக்கூடாது என்று ஆரம்பத்தில் கண்டிப்பாக இருந்தார்கள். டூட்டி டாக்டருக்கு ரீடிங் தெரிய வேண்டுமென்றால் கேஸ் ஷீட்டைக் கண்ணாடியில் அழுத்திப் பிடிப்போம், வெளியே நிற்கும் சிஸ்டர் போனில் படம் எடுப்பார். ட்யூப்லைட் வெளிச்சம் பட்டுப் பாதி எழுத்து தெரியாது. இன்டர்காமில் சொன்னால், என்-95-க்கும் ஷீல்டுக்கும் உள்ளிருந்து பேசுவது எதிராளிக்கு முனகலாகத்தான் கேட்கும். “சிக்ஸ்டியா சிஸ்டர், சிக்ஸ்டீனா?” என்று திருப்பித் திருப்பிக் கேட்பார்கள். அது இன்சுலின் அளவாக இருந்தால் என்ன ஆகும் என்று நர்ஸுகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் வந்ததல்ல. 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் முகாம்களில், தொற்றுப் பகுதிக்குள் இருப்பவர் வேலிக்கு இந்தப் பக்கம் நிற்பவரைப் பார்த்து நோயாளி விவரங்களைக் கத்திச் சொல்ல, இவர் அதை எழுதிக்கொள்வாராம். அதற்காக கூகுளும் தன்னார்வலர்களும் சேர்ந்து ஒரு டேப்லெட் செய்தார்கள், ‘புவெந்தியா’ என்று பெயர். 0.5 சதவீத குளோரின் கரைசலில் முக்கி எடுக்கலாம், கையுறையோடு இயக்கலாம், ஒயர் குத்தாமல் மேசையில் வைத்தாலே சார்ஜ் ஏறும். அது தயாராகிக் களத்துக்குப் போன நேரத்தில் தொற்றே தணிய ஆரம்பித்துவிட்டது. ஆனால் மென்பொருளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து விட்டார்கள். எங்களுக்கு ஆப் செய்து கொடுத்த தம்பிகளும் அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள். உள்ளே எழுதியது அந்த நொடியே வெளியே தெரிய வேண்டும், அதுதான் அடிப்படை. இதில் எங்கள் ஆப் ஒரு நாளும் காலை வாரவில்லை. கரண்ட் போய் வைஃபை விழுந்தாலும் டேப்லெட்டில் போட்டது அப்படியே நிற்கும், வந்ததும் தானாகப் போய்ச் சேரும்.

இனி வைட்டல்ஸ் பக்கம். டெமோவில் இதைத்தான் எல்லோரும் பளபளவென்று காட்டுவார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வந்த திரையில் மேலே பச்சையாக ஒரு பட்டன் இருந்தது: ‘அனைத்தும் நார்மல்’. ஒரு தட்டில் ஆறு கட்டமும் நிரம்பிவிடும். செய்த தம்பிக்கு அதில் ஏகப் பெருமை.

“தம்பி, அந்தப் பட்டனை எடுத்திருங்க.”

“ஏன் சிஸ்டர்? ஒரே தட்டுல வேலை முடிஞ்சிருமே.”

“அதனாலதான் எடுக்கச் சொல்றேன்.”

ரெஸ்பிரேட்டரி ரேட், அதாவது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்றால் நம் ஊர் கேஸ் ஷீட்டில் எல்லோருக்கும் 20 தான். எண்ணாமலே எழுதும் எண் அது. சாதாரண வார்டில் ஒப்பேற்றிவிடலாம். கோவிடில் ஆள் சிரித்துப் பேசிக்கொண்டே இருப்பார், மூச்சு மட்டும் சத்தமில்லாமல் 28-க்கு ஏறியிருக்கும். அரசு வழிகாட்டுதலிலேயே 24 தொட்டால் நடுத்தரம், 30 தாண்டினால் தீவிரம் என்று பிரித்திருந்தார்கள். பட்டனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பெரிய வட்டம் வைத்தார்கள். நோயாளியின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த வட்டத்தைத் தட்ட வேண்டும். அரை நிமிடத்தில் எண்ணிக்கை தானாக விழும். கடிகாரம் பார்க்க வேண்டாம். பி.பி.இ. கவச உடையின் கைக்கடியில் கடிகாரம் எங்கே தெரிந்தது? முழு ஆப்பிலும் எனக்குப் பிடித்தது இந்த வட்டம்தான். 20 எழுதும் பழக்கம் எங்கள் பிள்ளைகளிடம் இதனால்தான் போனது, நான் கத்தியதால் அல்ல.

அடுத்து டெம்பரேச்சர். திரை செல்சியஸில் கேட்டது. நம் வார்டில் யார் 37 என்று சொல்கிறார்கள்? 98.4, 101 என்றுதான் வாயிலும் வரும், கையிலும் வரும். 101 என்று போட்டால் ஆப் ‘தவறான அளவு’ என்று சிவப்பில் திட்டியது. ஒரே நாளில் மாற்றிக் கொடுத்தார்கள். சின்ன விஷயம்தான், ஆனால் வார்டில் நின்று பார்க்காமல் மேசையில் உட்கார்ந்து செய்த திரை என்பது இப்படிப்பட்ட இடத்தில்தான் பளிச்சென்று தெரியும்.

பெரிய விஷயம் ஸ்கோர். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் வெளியிட்ட நியூஸ்-2 என்ற கணக்கை உள்ளே வைத்திருந்தார்கள். மூச்சு, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் சதவீதம்), ஆக்ஸிஜன் வைத்திருக்கிறதா, பி.பி., பல்ஸ், நினைவு, டெம்பரேச்சர் இவற்றுக்குப் புள்ளி போட்டுக் கூட்டுவது. 5 வந்தால் டாக்டர் சீக்கிரம் பார்க்க வேண்டும், 7 வந்தால் அவசரம். பெரிய திரையில் படுக்கை வாரியாகப் பச்சை, மஞ்சள், சிவப்பு. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஒரு நாள் என்.ஆர்.பி.எம். மாஸ்க்கில் (பை வைத்த ஆக்ஸிஜன் மாஸ்க்) நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓடிக்கொண்டிருந்த நோயாளியின் படுக்கை பச்சையாக இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். சாச்சுரேஷன் 96, புள்ளி 0. மூச்சு 20, புள்ளி 0. பல்ஸ் 88, பி.பி. 120, டெம்பரேச்சர் 98.4, நினைவு நன்றாக இருக்கிறது, எல்லாம் 0. ஆக்ஸிஜன் வைத்திருக்கிறதா? ஆமாம், 2. மொத்தமே 2. மூக்குக் குழாயில் 2 லிட்டர் போகிறவருக்கும் 2 புள்ளி, 15 லிட்டர் போகிறவருக்கும் அதே 2 புள்ளி. மாஸ்க்கைக் கழற்றி ஒரு வாய் தண்ணீர் குடித்தால் 82-க்கு விழுகிற மனிதர் திரையில் பச்சையில் படுத்திருக்கிறார்! இது இவர்கள் ஆப்பின் தவறு என்று சொல்ல முடியாது, அந்தக் கணக்கே அப்படித்தான். ஸ்கோர் என்னவாக இருந்தாலும் ஆக்ஸிஜன் தேவை கூடினாலே மேல் டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று ராயல் காலேஜே 2020-இல் கோவிடுக்காகத் தனியாகச் சொன்னது. அது ஆப்புக்குள் வந்து சேரவில்லை.

நாங்கள் கேட்டு வாங்கியது இரண்டு மாற்றம். எதில் ஆக்ஸிஜன் போகிறது, எத்தனை லிட்டர் என்று சொல்லாமல் சாச்சுரேஷனைப் பதிய முடியாது. ஸ்கோருக்குக் கீழே ஆக்ஸிஜன் அளவுக்குத் தனியாக ஒரு கோடு, காலையிலிருந்து ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கும்படி. அதன் பிறகு எங்கள் டாக்டர்கள் ரவுண்ட்ஸில் முதலில் பார்த்தது அந்தக் கோட்டைத்தான். நிறத்தை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை.

ஆக்ஸிஜன் என்றதும் சிலிண்டர் நினைவுக்கு வருகிறது. பைப்லைன் இல்லாத வராண்டாக் கட்டில்களுக்கு சிலிண்டர்தான் கதி. அப்போது அவசரத்துக்குச் சேர்த்த ஒரு பக்கம், இந்த ஆப்பிலேயே உருப்படியான காரியம் என்று சொல்வேன். பி டைப் சிலிண்டரில் ஏறக்குறைய 1500 லிட்டர், டி டைப் ஜம்போவில் 7000 லிட்டர். நிமிடத்துக்கு 15 லிட்டர் போனால் பி டைப் 100 நிமிடம்கூடச் சரியாக வராது, ஜம்போ ஏழே முக்கால் மணி நேரம் வரும். எந்தக் கட்டிலில் எது, எத்தனை லிட்டர் ஓடுகிறது என்று போட்டால், எப்போது காலியாகும் என்று ஆப் நேரம் சொல்லும். முடிய அரை மணி இருக்கும்போது சிலிண்டர் மாற்றும் ஆக்ஸிஜன் அண்ணன் போனுக்குத் தமிழில் செய்தி போகும்: ‘வராண்டா 3, சின்ன சிலிண்டர், 2.40-க்குள் மாற்றவும்.’ முதலில் முழு சிலிண்டர் என்றே கணக்குப் போட்டார்கள். அந்த மே மாதம் வந்த சிலிண்டர்கள் எல்லாம் முழுசாகவா வந்தன? அந்த அண்ணன்தான் சொன்னார், “கேஜ் முள்ளு எங்க நிக்குதுன்னு கேக்கச் சொல்லுங்கம்மா.” 10 லிட்டர் கொள்ளளவுள்ள பி டைப்பில் முள் 100 பாரில் நின்றால் உள்ளே இருப்பது 1000 லிட்டர்தான். அவர் சொன்னபடியே கேஜ் அளவு கேட்கும் கட்டம் வந்தது. டிசைன் கூட்டத்துக்கு டாக்டர், நர்ஸ், ஐ.டி. மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டார்கள், அவரை மட்டும் யாரும் கூப்பிடவில்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

மருந்துப் பக்கம் சுமார். நல்லது என்னவென்றால், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு போகிற நோயாளிக்கு சுகர் ரீடிங்கும் இன்சுலின் அளவும் ஒரே திரையில் அடுத்தடுத்து வரும். ஸ்டீராய்டால் சுகர் தாறுமாறாக ஏறிய நாட்களில் அது பெரிய உதவி. கெட்டது, நேரம். எட்டு மணி மருந்தை எட்டு ஐந்துக்குப் போட்டிருப்போம். கையை சானிடைஸ் பண்ணி, அடுத்த கட்டிலில் ஒருவரைக் குப்புறப் படுக்க வைத்து, வேறொருவருக்கு பெட் பேன் எடுத்துவிட்டு வந்து பதியும்போது எட்டு நாற்பது. ஆப் எட்டு நாற்பது என்றே எழுதிக்கொள்ளும். அப்படியே ஆடிட்டுக்குப் போனால் மொத்த வார்டும் மருந்தைத் தாமதமாகக் கொடுத்த மாதிரி தெரியும். ‘கொடுத்த நேரம்’ என்று தனிக் கட்டம் கேட்டோம். வந்தது, ஆனால் மூன்று திரை தாண்டிப் போக வேண்டும். இரண்டு கையுறை போட்டுக்கொண்டு யார் போவார்கள்?

கையுறை பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு நைட்ரைல் கையுறைக்கு டேப்லெட் ஒழுங்காகக் கேட்கும். மேலே இன்னொன்று போட்டு, விரல் நுனியில் அது தளர்ந்தும் இருந்தால், நான்கு தட்டுக்கு ஒன்றுதான் விழும். செட்டிங்கில் தொடு உணர்வைக் கூட்டிய பிறகு பரவாயில்லை. பட்டன் குறைந்தது 9 மில்லிமீட்டர் இருந்தால் போதும் என்பது ஆண்ட்ராய்டு கணக்காம், அந்தத் தம்பி சொன்னார். ஷீல்டில் ஆவி படிந்து, வியர்வை கண்ணில் இறங்கும்போது 9 மில்லிமீட்டரைத் தேடிப் பிடித்துத் தட்டச் சொல்லுங்கள் பார்ப்போம். பட்டனைத் தீப்பெட்டி அளவுக்குப் பெரிதாக்கிய பிறகுதான் வழிக்கு வந்தது. எண்களுக்குக் கீபோர்டு வேண்டாம் என்று எடுத்துவிட்டு, கட்டம் கட்டமாக எண்களையே அடுக்கி வைத்தார்கள், அதுவும் நல்ல காரியம்.

லாகின்தான் பெரிய தலைவலி. முகத்தைக் காட்டினால் மாஸ்க், விரலை வைத்தால் கையுறை. மிச்சம் ஆறு இலக்க பின் நம்பர். இரண்டு நிமிடம் தொடாவிட்டால் திரை பூட்டிக்கொள்ளும், மறுபடி ஆறு இலக்கம். விளைவு என்ன? ஷிஃப்ட் ஆரம்பத்தில் ஒருத்தி லாகின் செய்வாள், பூட்டு விழாமல் ஆளாளுக்கு அவள் பெயரிலேயே பதிவார்கள். ரெக்கார்டைப் பார்த்தால் ஒரே சிஸ்டர் ஒரே நிமிடத்தில் இரண்டு மூலைக் கட்டிலிலும் பி.பி. பார்த்திருப்பார். நாளைக்கு ஒரு கேஸ் கோர்ட்டுக்குப் போனால் பதில் சொல்ல வேண்டியது அந்தப் பிள்ளை. பி.பி.இ. மாட்டும் டோனிங் அறையிலேயே ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு க்யூ.ஆர். ஸ்டிக்கர் அச்சடித்து நெஞ்சில் ஒட்டி, டேப்லெட் கேமராவில் காட்டினால் ஆள் மாறும்படி செய்த பிறகு இது தீர்ந்தது. எப்படியும் பி.பி.இ. மேல் மார்க்கரால் பெயர் எழுதிக்கொண்டுதானே இருந்தோம், ஸ்டிக்கரில் பெயரும் பெரிதாக வந்துவிட்டது. இந்த யோசனைக்காகவே அந்தக் குழுவைப் பாராட்டலாம்.

அலாரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். எதற்கெடுத்தாலும் அடித்தது, சத்தத்தைக் குறைக்கவும் வழியில்லை. சீக்கிரமே யாருக்கும் அது காதில் விழாமல் போய்விட்டது.

அட்டெண்டர்களுக்கு வீடியோ கால் என்று ஒரு வசதி இருந்தது. கீழே கவுண்டரில் நிற்கும் வீட்டாருக்கு நோயாளியைக் காட்டலாம். வேலை செய்தது, ஜனங்களுக்கு அது பெரிய ஆறுதல், மறுக்கவில்லை. ஆனால் பேசி முடியும் வரை டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் நர்ஸ்தானே. கட்டிலோடு மாட்டும் ஸ்டாண்ட் ஒன்று கேட்டோம், வரவில்லை. ஐ.வி. ஸ்டாண்டில் மைக்ரோபோர் டேப் சுற்றிக் கட்டிக்கொண்டோம்.

துடைப்பது: தரைக்குப் போடும் ஹைப்போகுளோரைட்டை ஹவுஸ்கீப்பிங் பெண் டேப்லெட்டிலும் போட்டுத் துடைக்க, கவரின் ஓரமெல்லாம் வெளுத்து, சார்ஜ் போடும் ஓட்டையில் துரு ஏறியது. பிறகு ஜிப் கவருக்குள் போட்டு, 70 சதவீத ஆல்கஹாலால் கவரை மட்டும் துடைத்தோம். கவருக்கு மேலிருந்தே திரை நன்றாகக் கேட்டது. ஒயர் இல்லாத சார்ஜர் கேட்டு வாங்குங்கள். நாங்கள் வாங்காமல், பிய்ந்துபோன ஒயர்களோடு மல்லுக்கட்டினோம்.

இப்போது அந்தப் பாஸ் மார்க் விவகாரம். ஆப் வந்தது. டி.பி.ஆர். சார்ட் (டெம்பரேச்சர், பல்ஸ், மூச்சு எழுதும் தாள்) நின்றதா? இல்லை. மெடிக்கல் ரெக்கார்ட்ஸில் கையெழுத்துப் போட்ட காகிதம் வேண்டும் என்றார்கள். ஐ/ஓ சார்ட் (உள்ளே போன, வெளியே வந்த திரவக் கணக்கு)? இன்ஷூரன்ஸ் டெஸ்க்குக்கு வேண்டும். நர்ஸஸ் நோட்ஸ்? ஆடிட்டுக்கு வேண்டும். அடுத்த ஷிஃப்டுக்கு ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவர் புக்? வழக்கமாக எழுதுவதுதானே, எழுதுங்கள். அரசு போர்ட்டலில் ஏற்ற வேண்டிய நோயாளி விவரத்தை, டேப்லெட்டில் இருப்பதைப் பார்த்துப் பார்த்து இன்னொருவர் கம்ப்யூட்டரில் மறுபடி அடித்தார். உள்ளே டேப்லெட்டில் பதிந்த அதே எண்களை, பி.பி.இ. கழற்றிக் குளித்துவிட்டு வந்து, வீட்டுக்குப் போகும் நேரத்தில் உட்கார்ந்து காகிதத்தில் எழுதினார்கள் என் பிள்ளைகள். ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல், பாத்ரூம் போகாமல் நின்றவர்கள். ‘நேரம் மிச்சம்’ என்று நிர்வாகக் கூட்டத்தில் போட்டுக் காட்டிய படத்தில் அந்த நேரம் இல்லை. ரவுண்ட்ஸுக்கு உள்ளே வராமல் திரையில் பார்த்தவர்களுக்கு மிச்சமானது நிஜம். நர்ஸுக்கு ஒரு வேலை கூடியது.

இதற்கு ஆப் செய்தவர்களைத் திட்டிப் பயனில்லை. பிரிண்ட் எடுத்து ஒரே ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்று முடிவெடுக்க வேண்டியது நிர்வாகமும் ரெக்கார்ட்ஸ் துறையும். எங்கள் இடத்தில் அந்த முடிவு வந்தபோது கோவிட் வார்டை மூடிவிட்டார்கள். இப்போது அதே ஆப் ஜெனரல் வார்டில் ஓடுகிறது, டி.பி.ஆர். சார்ட்டும் ஹேண்ட் ஓவர் புக்கும் நின்றுவிட்டன. மூச்சு எண்ணும் வட்டம் இருக்கிறது. சிலிண்டர் பக்கத்தை எடுத்துவிட்டார்கள், எடுத்திருக்கக் கூடாது.

வாங்கப் போகிறவர்களுக்கு: டெமோவை கான்ஃபரன்ஸ் ஹாலில் ஏ.சி.யில் பார்க்காதீர்கள். வார்டுக்கு வரச் சொல்லுங்கள். வருகிறவருக்கு இரண்டு ஜோடி கையுறையும் ஷீல்டும் மாட்டிவிட்டு, ஐந்து கட்டிலுக்கு வைட்டல்ஸ் போடச் சொல்லுங்கள், நடுவில் வைஃபையை அணைத்து விடுங்கள். 15 லிட்டரில் 96 என்று போட்டுக் காட்டி, என்ன நிறம் வருகிறது என்று பாருங்கள். எட்டு மணி மருந்தை எட்டு நாற்பதுக்குப் பதியச் சொல்லுங்கள். எம்.டி. கையெழுத்துப் போடும் முன்னால், இது வந்தால் எந்தெந்த ரிஜிஸ்டர் நிற்கும் என்று ரெக்கார்ட்ஸ் இன்சார்ஜிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னால் நம்பாதீர்கள், எங்களுக்கும் வாயால்தான் சொன்னார்கள்.